ஜன்னல் இல்லாத அறை குடியிருப்பு ஆகாது

மார்ச் 3

கொழுந்தனுக்கு,

நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. இன்று காலையில் நகராட்சிக்காரன் என் வாசல் கதவில் நோட்டீஸ் ஒட்டும்போது, துணி உலர்த்துகிற சாக்கில் நீ உன் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரே பனியனை எத்தனை தடவை உதறுவாய்? ஆக, நலமாகத்தான் இருக்கிறாய்.

நமக்குள் பேச்சு நின்று ஆறு வருஷம் ஆகிறது. இனிமேலும் பேசப் போவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுதுவது பேசுவதில் சேராது. நமக்கு நடுவில் இருப்பது ஒரு சுவர்தான், ஆனாலும் இதை உன் தபால் பெட்டியில்தான் போடுவேன். உன் கதவைத் தட்ட மாட்டேன்.

நோட்டீஸில் என்ன இருக்கிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ எழுதிக் கொடுத்ததைத்தானே அவர்கள் டைப் அடித்திருக்கிறார்கள். ‘பதிவு செய்யாமலும் உரிமம் பெறாமலும் குறுகிய கால வாடகைக்கு விடப்படும் குடியிருப்பு.’ இந்த மாதக் கடைசிக்குள் பதிவு செய்து உரிமம் வாங்க வேண்டுமாம். இல்லாவிட்டால் விருந்தாளி அறைக்குப் பூட்டாம். பக்கத்து வீட்டிலிருந்து புகார் என்று ஒட்டினவனே சொன்னான். எனக்கு ஒரு பக்கம் சலவைக் கடையின் சுவர். சுவர் புகார் எழுதாது. மிச்சம் நீதான்.

நான் நாலாம் வகுப்புக்கு மேல் போகாதவள். ஆனால் ஞாபகம் என்று ஒன்று எனக்கு இருக்கிறது. நான் கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்கு வந்தபோது நீ அரை டிராயர் போட்டுக்கொண்டிருந்தாய். கணக்கில் முட்டை வாங்கிக்கொண்டு வந்து மாடிப்படிக்கு அடியில் ஒளிந்தாய். “சின்னவன் கடைக்குப் போயிருக்கான் மாமா” என்று உன் அப்பாவிடம் பொய் சொன்னது யார்? காய்ச்சலில் நீ வாந்தி எடுத்தது யார் மடியில்? சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைக்காதே. சொல்லித்தான் காட்டுகிறேன்.

உன் அண்ணன் போன பிறகு வீட்டை இரண்டாகப் பிரித்தோமே, அன்றைக்கு வக்கீல் முன்னால் நீ என்னிடம் என்ன சொன்னாய்? “அண்ணி, நீங்க இந்த வீட்டுக்கு வந்தவங்க. நான் இந்த வீட்டுல பொறந்தவன்.” வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கே கூசியது. அதோடு விட்டாயா? அடுத்த வாரமே என் சாமான் அறையின் ஜன்னலை உன் பக்கத்திலிருந்து செங்கல் வைத்து அடைத்தாய். பாத்திரம் கழுவின தண்ணீர் உன் முற்றத்தில் விழுகிறதாம். விழுந்தது ஒரே ஒரு தடவை.

இப்போது என் பிழைப்பிலேயே கை வைத்திருக்கிறாய். மகள் போனில் விளம்பரம் போட்டுக் கொடுத்த பிறகு அந்த ஒரு அறையை ரெண்டு நாள், மூன்று நாள் என்று வருகிறவர்களுக்கு விடுகிறேன். அதுதான் என்னை இந்த வீட்டில் வைத்திருக்கிறது. அது போனால் நான் மகள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நல்ல பெண்தான். மாப்பிள்ளையும் தங்கம். ஆனால் அங்கேயும் நான் ‘வந்தவள்’ ஆவேன். ஒரு ஆயுளில் எத்தனை தடவை வந்தவளாக இருப்பது?

இந்த வீட்டுக்கு வந்தவள்

*

மார்ச் 6

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. புகார் கொடுத்தது நான்தான். மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

நான் ஆயுள் முழுவதும் லிஃப்ட் பழுது பார்த்தவன். சான்றிதழ் இல்லாத லிஃப்டில் நானும் ஏறினதில்லை, இன்னொருவரையும் ஏற்றினதில்லை. நன்றாகத்தானே ஓடுகிறது என்று எல்லோரும்தான் சொல்வார்கள், அறுந்து விழும் வரைக்கும். அதேபோலத்தான் இதுவும். முறை என்று ஒன்று இருக்கிறது.

வீட்டைப் பிரித்தோமே தவிர, நகராட்சி இன்னும் கதவு இலக்கத்தைப் பிரிக்கவில்லை. தங்கள் விருந்தாளிகள் பாதிப்பேர் என் வாசலில்தான் வந்து இறங்குகிறார்கள். சக்கரம் வைத்த பெட்டிகள் என் வீட்டுப் படியில் ஏறி ஏறி விளிம்பு உடைந்துவிட்டது. சென்ற மாதம் ஒரு பெண்மணி கதவைத் தட்டினார். நான் குளித்துவிட்டு வந்து திறந்தேன். “டவல் இருக்கா?” என்று கேட்டார். ஒன்று இருந்தது. அது என் இடுப்பில் இருந்தது.

அதையும் பொறுத்தேன். அதற்குப் பிறகு ஒருவர், திறந்திருந்த கதவு வழியாக நேரே என் சமையலறைக்குள் போய்ப் பாலைக் காய்ச்சினார். எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு என்னை விசாரித்தார்: “நீங்களும் இங்கதான் தங்கியிருக்கீங்களா சார்?” நான் பிறந்த வீட்டில், என் டம்ளரில், என் பாலை எனக்குக் கொடுத்து!

இதைச் சொல்லத் தங்கள் வாசலுக்கு வந்தேன். தாங்கள் என்னைப் பார்த்ததும் துடைப்பத்தை எடுத்துப் பெருக்க ஆரம்பித்தீர்கள், தூசி என் பக்கமாகவே வரும்படி. பிறகு நான் யாரிடம் போய்ச் சொல்வது?

தண்ணீர் ஒரு தடவை இல்லை. தினமும் விழுந்தது.

இப்படிக்கு,
தங்கள் கொழுந்தன்

*

மார்ச் 10

கொழுந்தனுக்கு,

நீ பிறந்த வீட்டில் உன்னைப் பார்த்து ஒருவன் ‘நீங்களும் தங்கியிருக்கீங்களா’ என்று கேட்டது சுட்டதா? நன்றாகச் சுடட்டும். அந்த மனுஷனுக்கு நான் அடுத்த தடவை வாடகையில் குறைத்துக்கொள்ளப் போகிறேன்.

அவன் குடித்த பாலுக்குப் பதிலாக உன் வாசல் கம்பியில் ஒரு பால் பாக்கெட்டை மாட்டிவிட்டு வந்தேனே, ஏன் எடுக்கவில்லை? ரெண்டு நாள் தொங்கி, ஊதி, வெடித்தது. ரோஷத்தில் உனக்கும் உன் அப்பாவுக்கும் ஒரு நூல் வித்தியாசம் கிடையாது.

நேற்று நகராட்சிக்குப் போனேன். உன் புண்ணியத்தில் முதல் தடவையாக அந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்தேன். டோக்கன் வாங்கி, தப்பான வரிசையில் நின்று, அங்கிருந்து மாடிக்கு, மாடியிலிருந்து மறுபடி கீழே. லிஃப்ட் வேலை செய்யவில்லை. அதற்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்த்தேன், சட்டம் போட்டு அழகாக மாட்டியிருந்தார்கள். உன் நினைவு வந்தது.

கவுன்ட்டரில் இருந்த பெண், முகத்தைத் தூக்காமல் கேட்டாள்.

“எத்தனை பேர் தங்குவாங்க?”

“வர்றவங்க தங்குவாங்க.”

“அதிகபட்சம் எத்தனை பேரும்மா?”

“கட்டில்ல ரெண்டு பேர். சண்டை போட்டுக்கிட்டா ஒருத்தர் தரையில.”

ரெண்டு என்று எழுதிக்கொண்டாள்.

“உங்க வீட்டுக்காரர் அதே வீட்டுலதான் இருக்காரா?”

“இருக்கார். சுவத்துல, படத்துல.”

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கொஞ்சம் மரியாதையாகத்தான் பேசினாள். தீயணைப்பான் ஒன்று வாங்கி மாட்ட வேண்டும். புகை வந்தால் கத்துகிற கருவி வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் யார் யார் என்று சொல்ல வேண்டும். விருந்தாளி தங்குகிற நாளெல்லாம் நானும் அதே வீட்டில் தங்க வேண்டும், இல்லாவிட்டால் அது வேறு வகை, அதற்கு உரிமமே கிடையாது. அக்கம்பக்கத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். இதோ தெரிவித்துவிட்டேன்: பக்கத்து வீட்டுக்காரனே, நான் அறையை வாடகைக்கு விடுகிறேன்.

தீயணைப்பானை வாங்கிவிட்டேன். குழந்தையைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு தெரு முழுக்க நடந்து வந்தேன். நீ அப்போதும் மாடியில்தான் நின்றாய். இறங்கி வந்து ஒரு கை பிடிக்கத் தோன்றவில்லை. பதினைந்தாம் தேதி ஆய்வாளர் வருகிறார். வரட்டும். என் வீட்டில் குறை கண்டுபிடிக்க ஒருவன் இனிமேல் பிறந்து வர வேண்டும்.

அண்ணி

*

மார்ச் 15

கொழுந்தனுக்கு,

நீ பதில் எழுதவில்லை. வேண்டாம். ஆனால் இதைப் படி. படித்துவிட்டு வயிறு குளிர்ந்து தூங்கு.

ஆய்வாளர் வந்தார். செருப்பை வாசலில் கழற்றினார், நல்ல பிள்ளை என்று நினைத்தேன். தீயணைப்பானைத் தூக்கிப் பார்த்தார், சரி என்றார். புகைக் கருவிக்குக் கீழே தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டினார், அது தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி அலறியது, சரி என்றார். பெரிய அறையைப் பார்த்தார். கட்டில், அலமாரி, தெருவைப் பார்த்த ஜன்னல். “ரொம்ப சுத்தமா வெச்சிருக்கீங்கம்மா” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. டீ போட்டேன்.

டீயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“இது விருந்தாளி அறை. நீங்க எங்கம்மா படுப்பீங்க?”

“இங்கதான் தம்பி. பக்கத்துல.”

“பக்கத்துலன்னா? காட்டுங்க.”

காட்டினேன்.

“இது சாமான் ரூமாச்சே?”

“சாமானும் இருக்கு, நானும் இருக்கேன்.”

“ஜன்னல் எங்க?”

“அதைப் பக்கத்து வீட்டுல கேளுங்க.”

சுவரைத் தட்டிப் பார்த்தார். பிறகு கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டினார். குரல் மாறிவிட்டது.

“ஜன்னல் இல்லாத அறை குடியிருப்பு ஆகாதும்மா. வீட்டுக்காரருக்குன்னு ஒரு குடியிருப்பு அறை இருக்கணும். இல்லேன்னா, நீங்க இந்த வீட்டுல குடியிருக்கலைன்னுதான் நான் எழுதணும்.”

“நான் குடியிருக்காமதான் இந்த அடுப்பு தன்னால எரியுதா? இந்தத் தரை தன்னைத்தானே துடைச்சுக்குதா?”

“எனக்குப் புரியுதும்மா. விதி அப்படி.”

“அப்படின்னா நான் எங்க குடியிருக்கேன்? அதையும் உங்க புத்தகத்துல பார்த்துச் சொல்லுங்க.”

அதற்குப் புத்தகத்தில் பக்கம் இல்லை. எழுதிவிட்டார். ‘விண்ணப்பதாரர் இக்குடியிருப்பில் வசிக்கவில்லை.’ எழுதிவிட்டு, வசிக்காதவள் போட்ட டீயைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, “டீ நல்லா இருந்துச்சும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த வீட்டில் நான் ரெண்டு பிள்ளை பெற்றேன், ஒன்றை மண்ணுக்குத் தூக்கிக் கொடுத்தேன். உன் அம்மா கடைசியில் படுத்துக் கிடந்தது என் கையில். உன் அண்ணன் மூச்சு நின்றது என் தோளில். அன்றைக்கு நீ என்னை வந்தவள் என்றாய். இன்றைக்கு இவன் ஒரு படி மேலே போய், வரவே இல்லை என்கிறான்.

கூடத்தில் படுக்கிறேனே என்று கேட்டேன். கூடம் வழியாகத்தான் விருந்தாளி போகவர வேண்டும், அதனால் அது வழி, அறை இல்லையாம். சாமான் அறைக்கு ஜன்னல் வைத்தால் மாதக் கடைசியில் மறுபடி வந்து பார்க்கிறாராம். அது பொதுச் சுவர், அதில் ஜன்னல் திறக்கப் பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நீ ஜெயித்துவிட்டாய்.

அண்ணி

*

மார்ச் 16

அண்ணிக்கு,

இது என்ன கூத்து? சாமான் அறையில் படுக்கிறீர்களா? எவ்வளவு காலமாக?

அந்த அறையில் சாமானுக்கு நடுவில் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்க முடியாது. எனக்குத் தெரியும், நான் அங்கே ஒளிந்து விளையாடினவன். கோடையில் அதற்குள் அரிசி மூட்டைகூட வியர்க்கும். அண்ணன் கட்டிலில் ஊர் பேர் தெரியாதவர்கள் காலை ஆட்டிக்கொண்டு படுத்திருக்க, நீங்கள் டப்பாக்களுக்கு நடுவில் சுருண்டு கிடந்தீர்களா? இது யார் கொடுத்த யோசனை? மகளுக்குத் தெரியுமா? தெரிந்திருக்காது. தெரிந்தால் அன்றைக்கே வந்து அழைத்துப்போயிருப்பாள், அதனால் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

இன்னொன்று. அந்தச் சுவருக்குப் பின்னால் ஏதோ உருளுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பெருச்சாளி என்று நினைத்தேன். போகட்டும் என்று ஸ்பேனரால் சுவரைத் தட்டுவேன். தட்டினால் சத்தம் கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு இன்னும் பலமாகக் கேட்கும். பொறி வாங்கி வைத்தேன். மருந்து வாங்கி வைத்தேன். பெருச்சாளி பிடிக்கிற ஆள் வந்து பார்த்துவிட்டு, “சார், இது பெருச்சாளி இல்லை, அதைவிடப் பெரிசு” என்றான். நான் அவனைத் திட்டி அனுப்பினேன்.

ஏன் சொல்லவில்லை?

கொழுந்தன்

*

மார்ச் 18

கொழுந்தனுக்கு,

ஓ, அந்தத் தட்டல் நீதானா! நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நான் புரண்டு படுக்கிற சத்தம்கூட உனக்குப் பொறுக்கவில்லை, சுவரை இடித்து என்னை விரட்டுகிறாய் என்று நினைத்தேன். அதனால்தான் நீ தட்டினதும் நான் தகர டப்பாவை எடுத்து இந்தப் பக்கம் பதிலுக்கு உருட்டினேன். உனக்குக் கேட்க வேண்டும் என்றே உருட்டினேன். கேட்டிருக்கிறது. பெருச்சாளியாகக் கேட்டிருக்கிறது. அண்ணியைப் பெருச்சாளியாக்கி மருந்து வைத்த ஒரே கொழுந்தன் நீயாகத்தான் இருப்பாய்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். யாரிடம் சொல்ல? உன்னிடமா? நீ என்னைக் கண்டதும் உன் வாசல் கதவுக்கு எண்ணெய் போட ஆரம்பிப்பாய். அந்தக் கதவு ஆறு வருஷத்தில் குடித்த எண்ணெயில் ஒரு பஸ் ஓடியிருக்கும்.

வருகிறவர்களுக்குக் கட்டில் வேண்டும், காற்று வேண்டும், வெளிச்சம் வேண்டும். வாடகை கொடுக்கிறார்கள், கேட்கிறார்கள். வீட்டில் கட்டிலும் காற்றும் இருக்கிற அறை ஒன்றுதான். ரெண்டாவது அறையின் காற்றை நீ செங்கல் வைத்து அடைத்துவிட்டாய். அதனால் அதை அவர்களுக்குக் கொடுத்தேன், இதை நான் எடுத்துக்கொண்டேன். இதில் என்ன கூத்து? நான் எங்கே படுத்தால் உனக்கென்ன? அண்ணன் கட்டில் அண்ணன் கட்டில் என்கிறாயே, அந்தக் கட்டிலுக்குப் போல்ட் கழன்று ஒரு மாதம் ஆடிக்கொண்டிருந்ததே, ஸ்பேனர் வைத்திருக்கிற நீ சுவரைத்தானே தட்டினாய்?

உன் இரக்கம் எனக்கு வேண்டாம். உன் கையெழுத்தும் வேண்டாம். கையெழுத்துப் போட்டுவிட்டு நாளைக்கு நான்கு பேரிடம், “நான் விட்ட காத்துலதான் அவங்க மூச்சு விடறாங்க” என்பாய். எனக்கு வேண்டியது ஒன்றுதான். புகாரைத் திருப்பி வாங்கு. எப்படிக் கொடுத்தாயோ அப்படியே போய் வாங்கு.

அண்ணி

*

மார்ச் 22

அண்ணிக்கு,

போனேன். திருப்பி வாங்க முடியாதாம்.

“நான் எழுதின புகார்தானேய்யா, நானே வேண்டாங்கறேன்” என்றேன்.

“எழுதற வரைக்கும்தான் சார் அது உங்களோடது. நம்பர் போட்டாச்சுன்னா எங்களோடது” என்கிறான் அங்கே ஒருவன். இருபது தரம் புகார் கொடுத்தால்கூடத் திரும்பிப் பார்க்காத ஆபீஸ், ஒரு புகாரைத் திருப்பிக் கேட்டால் தங்கக்கட்டி மாதிரி பூட்டி வைத்துக்கொள்கிறது.

சரி, அவங்க அங்கேதான் குடியிருக்காங்கன்னு என் வாக்குமூலமாக எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

“உங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

“தினமும் என்னைத் திட்டற சத்தம் கேக்குது. வேற ஊர்ல இருந்து திட்டினா இவ்வளவு தெளிவா கேக்காது.”

“அவங்க எப்போலேர்ந்து அங்க இருக்காங்க?”

இந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை நீங்கள் அங்கேயே போய்க் கேட்டுக்கொள்ளலாம். எழுதி வைத்திருக்கிறார்கள். நான் இங்கே எழுத மாட்டேன். கேட்டவனுக்கு என் குரல் உயர்ந்தது பிடிக்கவில்லை, வாட்ச்மேனைக் கூப்பிட்டான். என்னை, அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பத்து வருஷம் ஓட வைத்தவனை, வாட்ச்மேன் கையைப் பிடித்து வெளியே விட்டான். உங்களுக்காக இந்த வயதில் எனக்கு இந்த மரியாதை.

ஜன்னலுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். நீங்கள் வேண்டாம் என்றாலும் அது அங்கே இருக்கிறது. ஆனால் சில நிபந்தனைகள். ஒன்று, தண்ணீர் கூடாது. இன்னொன்று, ஜன்னல் வழியாகத் திட்டக் கூடாது, எழுதித்தான் திட்ட வேண்டும். முக்கியமானது, நீங்கள் பெரிய அறைக்குத் திரும்பிப் போக வேண்டும். அண்ணன் கட்டிலில் படுக்க வேண்டும். விருந்தாளிகள் எங்கே படுப்பார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

கொழுந்தன்

*

மார்ச் 24

கொழுந்தனுக்கு,

காற்றுக்கு நிபந்தனையா? நாளைக்கு வெளிச்சத்துக்கு மீட்டர் வைப்பாயா?

முடியாது. உன் நிபந்தனையோடு வருகிற ஜன்னல் ஜன்னலே இல்லை. நான் எங்கே படுக்க வேண்டும் என்று சொல்ல நீ யார்? உன் அப்பா சொன்னார், கேட்டேன். உன் அண்ணன் சொன்னார், பாதி கேட்டேன். கேட்டது போதும்.

மகளுக்குப் போன் செய்துவிட்டேன். இருபத்தொன்பதாம் தேதி வண்டி எடுத்துக்கொண்டு வருகிறாள். சாமான் அறைச் சங்கதியும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆய்வாளர் எழுதின காகிதம் மேஜைமேல் இருந்ததைப் போட்டோ பிடித்து அனுப்பச் சொன்னாள், அனுப்பினேன், தொலைந்தேன். ஒரு மணி நேரம் அழுதாள். பெட்டியில் துணி அடுக்கியாகிவிட்டது. நான் போனதும் நீ இந்தப் பாதியையும் வாங்கிப்போட்டுக்கொள்ளலாம். பிறந்தவன் அல்லவா, முழு வீடும் கிடைக்கும்.

இருபத்தேழாம் தேதி கண் டாக்டரிடம் போகிறேன். மகள் வீட்டுக்குப் போகிற முன்னால் கண்ணாடி மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கே எது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்குமே.

அண்ணி

*

மார்ச் 28

கொழுந்தனுக்கு,

உனக்கு மூளை இருக்கிறதா?

நேற்று கண் டாக்டரிடம் போய்விட்டு வந்து கதவைத் திறக்கிறேன், வீடு முழுக்கச் சிவப்புப் புழுதி. திருடன் வந்துவிட்டான் என்று தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறேன், சாமான் அறைச் சுவரில் ஓட்டை, ஓட்டைக்கு அந்தப் பக்கம் நீ, தலையெல்லாம் செங்கல் தூள், கையில் சுத்தியல். தீயணைப்பானை உன் மூஞ்சியில் அடிக்காமல் விட்டது உன் அம்மா செய்த புண்ணியம்.

ஆறு வருஷத்தில் முதல் தடவை நேருக்கு நேர். நான் ஒன்றும் பேசவில்லை, கவனித்தாயா? நீதான் பேசினாய். “பழைய கம்பி உள்ளேயே இருக்கு அண்ணி, துருப்பிடிக்கலை” என்றாய். ஒரு மனுஷனுக்கு அந்த நேரத்தில் சொல்ல அதுதான் கிடைத்தது.

என்னைக் கேட்காமல் என் சுவரை எப்படி உடைக்கலாம்? பொதுச் சுவர் என்றால் பாதி எனக்கு. பருப்பு டப்பா மூடி திறந்திருந்தது, எல்லாம் பாழ். ஊறுகாய் ஜாடியில் ஒரு அரைச் செங்கல் கிடக்கிறது. மகள் வந்து இதைப் பார்த்தால் என்ன நினைப்பாள் என்று யோசித்தாயா?

என்ன நினைத்தாள் என்று நானே சொல்கிறேன், ஒரு நாள் முன்னாலேயே இன்றைக்கு வந்துவிட்டாள். சாமான் அறை வாசலில் நின்றாள். வெளிச்சம் நேரே அலமாரி வரைக்கும் விழுந்திருந்தது. அந்த அறைக்கு நீல வண்ணம் அடித்திருந்தது என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. “சித்தப்பாவா இதைச் செஞ்சார்?” என்றாள். “வேற யாரு, இந்தத் தெருவுல சொல்லாம கொள்ளாம சுவத்தை உடைக்கிறவன்?” என்றேன். வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டாள். இப்போது உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள்.

வருகிற வழியில் நகராட்சியில் நிறுத்தச் சொல்லி, நீ கொடுத்த வாக்குமூலத்தையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாளாம். என்னிடம் சொன்னாள். அதைப் பற்றி நானும் எழுத மாட்டேன், நீ அரை டிராயர் போட்ட நாளை மறக்கவில்லை என்பதைத் தவிர.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஊறுகாய்க்கு நீ பதில் சொல்ல வேண்டும்.

அண்ணி

*

ஏப்ரல் 6

அண்ணிக்கு,

இது பெரிய அநியாயம்.

மாதக் கடைசியில் ஆய்வாளர் வந்தார், ஜன்னலைப் பார்த்தார், நீங்கள் வசிப்பதாக எழுதிவிட்டார் என்று மகள் சொன்னாள். நல்லது. நீங்கள் பெரிய அறைக்குத் திரும்பிவிட்டீர்கள், நான் வந்து கட்டில் போல்ட்டையும் முடுக்கிக் கொடுத்தேன். அதுவும் நல்லது. ஆனால் ஜன்னல் வைத்த அந்தச் சின்ன அறையை விருந்தாளிகளுக்குக் கொடுப்பீர்கள் என்று யார் கண்டது?

இன்று காலை என் முற்றத்தில் என் உள்ளாடையை உலர்த்திக்கொண்டிருக்கிறேன். கம்பிக்குப் பின்னாலிருந்து ஒரு முகம், வாயில் பிரஷ்ஷோடு, “குட் மார்னிங் அங்கிள்” என்கிறது. நேற்று வேறொரு முகம், “இங்க வெயில் எப்போ வரும்?” என்று கேட்டது. வெயிலை நானா அனுப்புகிறேன்? அந்தச் சுவரை உங்களுக்காக உடைத்தேன். இவர்களுக்காக இல்லை.

கொழுந்தன்

*

ஏப்ரல் 9

கொழுந்தனுக்கு,

நான் பெரிய அறைக்குப் போக வேண்டும் என்று நிபந்தனை போட்டது யார்? விருந்தாளிகள் எங்கே படுப்பார்கள் என்று கேட்காதீர்கள் என்று எழுதியது யார்? கேட்கவில்லை. நானே முடிவு செய்தேன். சாமானையெல்லாம் கூடத்துக்கு மாற்றிவிட்டேன், ரெண்டு நாளைக்கு வருகிறவர்களுக்குச் சின்ன அறை போதும். ஆயுளுக்கும் இருக்கிறவளுக்குப் பெரிய அறை. ஆய்வாளரும் அதையே சரி என்றார், சட்டத்தில் இடம் இருக்கிறதாம். அவருக்கு இந்தத் தடவை டீ கொடுக்கவில்லை. வெறும் தண்ணீர்தான்.

உரிமம் வந்துவிட்டது. வாசலில் மாட்டப் பலகையும் கொடுத்தார்கள். பதிவு எண் போட்டிருக்கிறது, இனி எவனும் உன் படியில் பெட்டியை ஏற்ற மாட்டான். எண்ணுக்குக் கீழே ஒரு போன் நம்பர் இருக்க வேண்டும் என்பது விதி. விருந்தாளியால் யாருக்காவது தொந்தரவு என்றாலும், விருந்தாளிக்கே ஏதாவது குறை என்றாலும் அந்த நம்பரைக் கூப்பிட வேண்டும். என் நம்பர் ஆகாதாம். கூப்பிட்டதும் நடந்தே வந்து சேருகிற இன்னொரு ஆள் வேண்டுமாம்.

“பொறுப்பான ஆள் யாராவது இருக்காங்களாம்மா? கூப்பிட்டா உடனே வருவாங்களா?” என்று கேட்டாள் அந்தக் கவுன்ட்டர் பெண்.

“கூப்பிடாமலே வருவான். புகார்னா அவனுக்கு உயிர்” என்றேன்.

உன் நம்பரை எழுதிவிட்டாள். பலகை மாட்டியாகிவிட்டது. மாடியிலிருந்து பார்த்தால் உனக்கே தெரியும்.

அண்ணி

*

ஏப்ரல் 13

அண்ணிக்கு,

என்னைக் கேட்காமல் என் நம்பரைப் போட்டது சட்டப்படி குற்றமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அது தனி விஷயம். இது பொறுப்பாளர் என்ற முறையில் எழுதுவது.

இன்று விடியற்காலை முதல் புகார் வந்தது. பேசியவர் உங்கள் சின்ன அறையில் தங்கியிருக்கும் அம்மையார். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் தினமும் விடியும் முன் முற்றத்தில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி தொண்டையைக் காறி, வாய் கொப்பளிக்கிறாராம். தூங்க முடியவில்லையாம். உடனே நடவடிக்கை வேண்டுமாம்.

அவர் பேசும்போது என் வாய் நிறையத் தண்ணீர் இருந்தது. துப்பினால் அவருக்குக் கேட்கும். விழுங்கிவிட்டு, “விசாரிக்கிறேம்மா” என்றேன்.

விசாரித்தேன். புகார் உண்மைதான்.

கொழுந்தன்